கலைச்சொல் உதவி: ஜெட் லேக் — வெள்ளிக்குள் வேண்டும்

எழுதியவர்: க.

அனைவருக்கும் வணக்கம்.

நெடுந்தூர விமானப் பயணிகளுக்கான உடல்நலக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெரும்பாலான சொற்கள் முடிந்துவிட்டன. நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போகிறவர்களுக்குக் காலில் இரத்தம் கட்டாமலிருக்கப் போடும் இறுக்கமான சாக்ஸுக்கு ‘அழுத்தக் காலுறை’ என்று வைத்திருக்கிறேன். அதற்கு யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மாட்டிக்கொண்டது ஜெட் லேக்: நேர மண்டலங்களைத் தாண்டிப் பறந்து இறங்கியபின் தூக்கமும் விழிப்பும் அந்த ஊர் நேரத்தோடு ஒத்துவராமல் போவது. முதல் வரைவில் ‘பயணக் களைப்பு’ என்று இருக்கிறது. மருத்துவர் ம. ஒப்பவில்லை. சொல் வரவேண்டிய வரி இது: “கிழக்கு நோக்கிப் பறப்பவர்களுக்கு ——— கூடுதலாக இருக்கும், கடக்கும் ஒவ்வொரு நேர மண்டலத்துக்கும் ஏறத்தாழ ஒரு நாள் வீதம் உடல் எடுத்துக்கொள்ளும்.”

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

—

எழுதியவர்: ம.

ஏன் ஒப்பவில்லை என்று சொல்லிவிடுகிறேன். நேர் வடக்கிலிருந்து நேர் தெற்கே பத்து மணி நேரம் பறந்தவருக்குக் களைப்பு உண்டு, ஜெட் லேக் கிடையாது. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். தொண்டை வறளும், தலை வலிக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். தண்ணீர் குடித்து ஓர் இரவு நன்றாகத் தூங்கினால் தீர்ந்தது. அதுதான் பயணக் களைப்பு.

இது வேறு. மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது புறப்பட்ட ஊர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதைத் திருப்பி வைப்பது முக்கியமாக வெளிச்சம், அதுவும் சரியான வேளையில் படும் வெளிச்சம். அந்தக் கடிகாரத்தின் சுற்று பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். அதனால் நாளை நீட்டும் மேற்குப் பயணம் எளிது, நாளைச் சுருக்கும் கிழக்குப் பயணம் பாடு. ‘களைப்பு’ என்று போட்டால் படிப்பவர் போய்ச் சேர்ந்ததும் பகல் முழுக்கப் படுத்துத் தூங்குவார். அப்புறம் இரவில் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்.

—

எழுதியவர்: வே.

ஜெட் என்பதற்குத் ‘தாரை’ ஏற்கெனவே உண்டு. லேக் என்பது பின்னடைவு. ‘தாரைப் பின்னடைவு’. முடிந்தது.

—

எழுதியவர்: நி.

> தாரைப் பின்னடைவு

கண்ணீர் தாரை தாரையாக வருகிறது, ஐயா. இந்தச் சொல்லைப் படித்துவிட்டு எந்தப் பயணியாவது தனக்கு என்ன ஆயிற்று என்று புரிந்துகொள்வாரா? ‘ஜெட் லேக்’ என்றே போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். சாக்ஸ் என்று க. அம்மாவே மேலே எழுதியிருக்கிறார்.

—

எழுதியவர்: வே.

சாக்ஸ் என்று மடலில் எழுதலாம், நூலில் எழுதக்கூடாது. எல்லாவற்றையும் அப்படியே எழுத்துப்பெயர்த்தால் இந்தக் குழு எதற்கு?

—

எழுதியவர்: செ.

வே. ஐயாவின் சொல்லில் எனக்குப் பிடிக்காதது தாரையே. குற்றவாளி ஜெட் அல்ல, வேகம். கப்பலில் போன காலத்திலும் நேர மண்டலங்களைக் கடந்தார்கள். ஆனால் கப்பல் மெதுவாகப் போகும். கடிகாரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே போவார்கள், உடலும் கூடவே திரும்பிவிடும். ஜெட் விமானங்கள் பரவிய 1960களில்தான் ஆங்கிலத்தில் இப்படி ஒரு பெயரே தேவைப்பட்டது. அவர்கள் வண்டியின் பெயரை வைத்தார்கள். நாம் நோயின் பெயரை வைப்போம். வகுப்பில் நான் ‘உடற்கடிகாரப் பிசகு’ என்று சொல்கிறேன், பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

—

எழுதியவர்: இ.

அன்பர்களே,

சொல் நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பியர் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் சொன்னார். திணை மயங்கலாம், அதாவது ஒன்றோடொன்று கலக்கலாம், ஆனால் நிலம் ஒருங்கு மயங்குதல் இல்லை என்றார். நிலம் மயங்காது என்றால் மயங்குவது பொழுது என்பது உரைமரபு. குறிஞ்சிக்குரிய யாமம் வேறு நிலத்தில் வரலாம்; மருதத்துக்குரிய வைகறை இன்னோரிடத்தில் வரலாம். விமானத்திலிருந்து இறங்கியவருக்கு நிகழ்வது வேறென்ன? நிலம் நண்பகலில் நிற்கிறது, உடல் யாமத்தில் கிடக்கிறது.

நன்னூலாரும் திணை, பால், இடம், பொழுது முதலான ஏழும் மயங்கினால் வழு, அதாவது பிழை, என்கிறார். கவனியுங்கள்: ‘பொழுது’, ‘மயங்கின்’. இரண்டு சொல்லும் ஒரே நூற்பாவில்.

ஆகவே: பொழுதுமயக்கம்.

—

எழுதியவர்: நி.

நன்னூல் என்றே ஆகிவிட்டால் ‘காலவழு’ என்று வைத்துவிடலாமே. நான்கு நாளில் சரியாகிவிட்டால் காலவழுவமைதி, பிழையானாலும் ஏற்றுக்கொண்டாயிற்று.

—

எழுதியவர்: ம.

இ. ஐயாவின் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன், அழகு. ஆனால் கையேட்டில் போட முடியாது. ‘மயக்கம்’ என்றால் இன்று படிப்பவருக்குத் தலைசுற்றிக் கீழே விழுவதுதான். அதே கையேட்டில் ‘மயக்கம் வந்தால்’ என்று தனித் தலைப்பே இருக்கிறது: படுக்க வையுங்கள், கால்களை உயர்த்துங்கள் என்று. ‘பொழுதுமயக்கம்’ உள்ளவரை எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது?

—

எழுதியவர்: இ.

மெய்யெழுத்துகள் அடுத்தடுத்துச் சேர்ந்து வருவதை மெய்ம்மயக்கம் என்று பள்ளியில் படித்தபோது எந்த மாணவனும் மயங்கி விழவில்லை. சொல்லின் பொருளை இடம் காட்டும்.

—

எழுதியவர்: ம.

பள்ளியில் ஆசிரியர் பக்கத்தில் நின்றார். கையேட்டைப் படிப்பவர் தூக்கமில்லாமல் விடியற்காலை மூன்று மணிக்குப் படிக்கிறார்.

—

எழுதியவர்: க.

செ. சொன்ன ‘உடற்கடிகாரப் பிசகு’ பொருளுக்கு நெருக்கம். ஆனால் அட்டவணைக் கட்டத்தில் இரண்டு வரியாக உடைகிறது. இ. ஐயாவின் பொழுதையும் செ.யின் பிசகையும் சேர்த்து ‘பொழுதுப்பிசகு’?

—

எழுதியவர்: இ.

ஒற்று மிகாது, அம்மா. பொழுது என்பது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். வேற்றுமையில் அதன்முன் வல்லினம் மிகாது. ‘வரகு கதிர்’ நினைவிருக்கட்டும். ‘பொழுது பிசகு’ என்றே வரும். பிசகு நல்ல தமிழ்தானா என்பது வேறு கேள்வி.

—

எழுதியவர்: வே.

பிசகு தமிழே. பிசை, பிசின், பிசகு மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு.

—

எழுதியவர்: செ.

பிசின் ஒட்டும், பிசகினது விலகும். எப்படி ஐயா ஒரே வேர்?

—

எழுதியவர்: வே.

பிசையும்போது ஒட்டவும் செய்யும், விலகவும் செய்யும். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

(எல்லாருக்குமே அனுப்பிவிட்டார். அந்த நீண்ட மடலை இங்கே விட்டுவிடுகிறேன். – க.)

—

எழுதியவர்: நி.

‘பொழுதுபிசகு’ என்று ஒற்றில்லாமல் ஒட்டி எழுதினால் அவசரத்தில் ‘பொழுதுபோக்கு’ என்று கண் படிக்கிறது. ‘நேரப்பிசகு’ என்றால் ஒற்றும் சரி, புரியவும் செய்யும். வினையாகவும் வரும்: “எனக்கு இன்னும் நேரம் பிசகியே இருக்கிறது.”

—

எழுதியவர்: இ.

“நேரம் பிசகிவிட்டது” என்று சொன்னால் மருத்துவரிடம் போகமாட்டார்கள், சோதிடரிடம் போவார்கள்.

—

எழுதியவர்: ம.

அது உண்மைதான். ஆனாலும் மயக்கத்தைவிடப் பரவாயில்லை. தூக்க வேளையை உடலுக்கு உணர்த்தும் மெலட்டோனின் பற்றிய பத்தியில் போட்டுப் பார்த்தேன்: “நேரப்பிசகுக்கு இதைச் சாப்பிடும் வேளைதான் முக்கியம், தவறிய வேளையில் சாப்பிட்டால் கடிகாரம் எதிர்த்திசையில் நகரும்.” படிக்க முடிகிறது. ஏற்கெனவே வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்கவேண்டும் என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

—

எழுதியவர்: செ.

எனக்கும் சரி. வகுப்பில் பழைய சொல்லையே சொல்வேன்.

—

எழுதியவர்: க.

இன்று வியாழன். பெரும்பாலானவர்கள் ‘நேரப்பிசகு’ என்கிறீர்கள், அல்லது களைத்துப்போய் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அதையே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘ஜெட் லேக் எனப்படும் நேரப்பிசகு’.

வே. ஐயா, தாரை எங்கும் வரவில்லை, மன்னிக்கவும். இ. ஐயா, உங்கள் சொல்லைச் சொல்லடைவில் சேர்த்திருக்கிறேன்: ‘பொழுதுமயக்கம் — காண்க: நேரப்பிசகு.’

—

எழுதியவர்: இ.

நன்றி அம்மா. ‘காண்க’ எதிர்ப்பக்கம் இருக்கவேண்டும் என்பதைப் பதிவு செய்து வையுங்கள்.