கேமரா ட்ராப்பை விலங்குத் தடத்தில் வைப்பதா, ரேண்டமாக வைப்பதா?

கேள்வி:
பல்கலைக்கழக ஆய்வு நிலையம் ஒன்றில் அடுத்த மாதம் ஃபீல்டு வேலை தொடங்குகிறேன். கையில் 20 கேமரா ட்ராப், அதாவது விலங்கு கடந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமரா. அங்கே எத்தனை மான்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும், உடலில் புள்ளி, கோடு எதுவும் இல்லாத இனம். நிலையத்தின் பழைய ஊழியர்கள் தடத்தில் வை, இல்லாவிட்டால் புல் படம்தான் கிடைக்கும் என்கிறார்கள். என் ஆய்வுக் கைடு ரேண்டமாக, அதாவது குலுக்கல் போலத் தேர்ந்த இடங்களில் வை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:
உங்கள் வேலைக்கு கைடு சொல்வதுதான். கர்நாடகாவின் நாகரஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990களில் புலிகளைக் கணக்கெடுத்தபோது தடத்தில்தான் வைத்தார், ஆனால் அங்கே கோடுகளை வைத்து ஒவ்வொரு புலியையும் தனியாக அடையாளம் காண முடிந்தது, எது திரும்ப வந்தது, எது புதிது என்று பிரிக்கலாம். அடையாளமே இல்லாத மானுக்கு அது நடக்காது. ஒரே மான் தினமும் அதே வழியில் போனாலும் பத்து மான் போல எண்ணிவிடுவீர்கள். 2008இல் ரோக்ளிஃப் குழுவினர் சொன்ன ரேண்டம் என்கவுன்டர் மாடல் என்ற கணக்கு முறையைப் பாருங்கள். விலங்கின் நடை வேகமும் கேமரா பார்க்கும் பரப்பும் தெரிந்தால் அடர்த்தியைக் கணக்கிடலாம், ஆனால் விலங்கு எங்கே நடமாடும் என்று பார்த்துக் கேமரா வைத்திருக்கக் கூடாது.

பதில்:
மேலே சொன்னது சரி, ஆனால் மான் அரிதாக இருந்தால் 20 கேமராவில் வரும் படம் எந்த மாடலுக்கும் பத்தாது. அப்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு எங்கெங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அதிலும் ஒரு சிக்கல்: படம் வரவில்லை என்றால் மான் இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு வாரத்தில் சிக்க 30% வாய்ப்பு என்றால், ஐந்து வாரம் வைத்தாலும் மான் உள்ள இடங்களில் ஏறக்குறைய 17% இடங்களில் ஒரு படமும் வராது. அப்படித் தவறவிடும் வாய்ப்பைக் கணக்கிட முடியும்படி வாரவாரியாகப் பிரித்துப் பதிவு செய்யுங்கள்.

பதில்:
கணக்கெல்லாம் அப்புறம். இந்தக் கேமராக்களின் சென்சார், பின்புலத்திலிருந்து வெப்பம் வேறுபட்ட ஒன்று நகர்ந்தால்தான் விழித்துக்கொள்ளும். மதிய வெயிலில் தரையும் மான் உடம்பும் ஒரே சூட்டில் இருந்தால் மான் கடந்து போனாலும் படம் வராது, அதே வெயிலில் சூடான புல் ஆடினால் கார்டு நிறையும். எதிரே உள்ள புல்லை வெட்டுங்கள், கிழக்கு மேற்கு பார்க்க வைக்காதீர்கள், தேதி நேரத்தைச் சரிபாருங்கள். கேமரா மாடல் எது என்பதையும் எழுதி வையுங்கள், அதை யாரும் எழுதுவதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தடத்தில் ஏற்கனவே நிலையத்தின் பழைய கேமராக்கள் சில இருக்கின்றன. அவற்றையும் எடுத்து ரேண்டம் இடங்களுக்கு மாற்றிவிடலாமா?

பதில்:
தயவுசெய்து தொடாதீர்கள்! பல்கலைக்கழக நிலையத்தின் சொத்தே பல வருடமாக ஒரே மாதிரி சேர்ந்து வரும் பதிவுகள்தான். ஆக்ஸ்ஃபோர்டின் வைத்தம் காட்டில் 1947 முதல் கூடுப்பெட்டி வைத்துப் பட்டாணிக்குருவியைக் கவனிக்கிறார்கள், அதனால்தான் வசந்தம் முன்கூட்டி வர வர அவை முட்டையிடுவதும் முன்னே நகர்ந்தது தெரிந்தது. பழையவை அதே இடத்தில், அதே உயரத்தில், அதே செட்டிங்கில் இருக்கட்டும். உங்கள் 20ஐ ரேண்டமாக வைத்துத் தனியாக அலசுங்கள், இரண்டையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். பழைய கேமராக்களில் படங்கள் கூடிவிட்டன என்பதால் மட்டும் மான் பெருகியது என்று எழுதிவிடாதீர்கள், இடையில் யாராவது கேமராவைப் புது மாடலாக மாற்றினார்களா என்று முதலில் கேளுங்கள்.