மறு: மௌனப்படத்துக்கு அரங்கில் வாசிக்கும் இசை – ‘உடன்வாசிப்பு’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். மௌனப்படம் திரையில் ஓடும்போது அரங்கில் உட்கார்ந்து நேரடியாக வாசிக்கும் இசைக்கு ‘உடன்வாசிப்பு’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> ‘நேரடிப் பின்னணி இசை’ போதுமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் ‘பின்னணி’ என்றதும் படத்தோடு ஒட்டியே வரும் ஒலிப்பதிவுதான் மனதில் வருகிறது. மௌனப்படத்தில் அப்படி எதுவும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. 1922 மார்ச் 4 அன்று பெர்லினில் ஜெர்மானிய இயக்குநர் முர்னாவின் மௌனத் திகில் படமான ‘நோஸ்ஃபெராட்டு’ முதன்முதலில் திரையிடப்பட்டபோது, ஹான்ஸ் எர்ட்மன் அதற்கென்றே எழுதிய இசையை வாசித்தார்கள். அதில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. இன்று ஓர் ஊரில் ஆர்கன், இன்னோர் ஊரில் எலக்ட்ரிக் கிட்டார். படம் ஒன்றுதான், இசை அரங்குக்கு அரங்கு வேறு.

1925-இல் வந்த ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா’வில் முகமூடி கழலும் காட்சியை நினைத்துப் பாருங்கள். முகமூடி மனிதனாக நடிக்கும் லோன் சேனி ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கிறார். நாயகி கிறிஸ்டீன் பின்னால் மெல்ல வந்து கையை நீட்டுகிறாள், தயங்குகிறாள். திரையிலுள்ள ஆர்கனுக்கு ஒலி கிடையாது. அரங்கில் ஒருவர் உட்கார்ந்து வாசிக்கும் ஆர்கன்தான் அவனுடைய ஆர்கன். முகமூடி கழன்றதும் அவன் வாசிப்பு நின்றுபோகிறது. இவரும் அந்தக் கணமே கட்டைகளிலிருந்து கையை எடுத்தாக வேண்டும், அரை நொடி பிந்தினாலும் திகில் போய்விடும். இதைப் போய்ப் ‘பின்னணி’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

> பக்கவாத்தியம் என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் கச்சேரியில் பாடகரும் மிருதங்கத்தைக் கேட்டபடிதான் பாடுகிறார், தனி ஆவர்த்தனத்துக்கு இடம் விடுகிறார். படம் யாருக்கும் இடம் விடாது. கைப்பிடியைச் சுற்றிப் படம் ஓட்டிய காலத்தில், சுற்றுபவரின் வேகத்துக்கு ஏற்பக் காட்சி நீளும், குறுகும். வாசிப்பவர்தான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஈடுகொடுக்க வேண்டும்.

அதனால்தான் உடன்வாசிப்பு என்கிறேன். செய்பவர் உடன்வாசிப்பாளர். வாசிப்பு என்ற சொல் நமக்கு வீணைக்கும் உண்டு, புத்தகத்துக்கும் உண்டு. இவர் திரையில் முகத்தையும் நிழலையும் வாசிக்கிறார், வாசித்ததைக் கருவியில் வாசிக்கிறார். இரண்டு வேலையும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன.

‘திரைவாசிப்பு’ என்றுதான் முதலில் குறித்து வைத்திருந்தேன். பார்வையற்றோர் கணினியில் பயன்படுத்தும் மென்பொருளைத் ‘திரை வாசிப்பான்’ என்கிறோமே, குழம்பிவிடும் என்று விட்டேன். ‘படத்துக்கு வாசிப்பது’ என்றால் சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிப்பது என்றாகிவிடும். அப்புறம், ‘ஊமைப்படம்’ வேண்டாம், மௌனப்படம் என்றே வைப்போம்.

எந்தக் காட்சிக்கு என்ன மாதிரி இசை என்று படத்தோடு அரங்குகளுக்கு அனுப்பிய பட்டியலை ‘வாசிப்புக் குறிப்பு’ எனலாம்.

எனக்குச் சொல் கிடைக்காதது ஒன்றுதான். திகில் படங்களில் உடன்வாசிப்பாளர் வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு அரங்கை அமைதியில் விடுவார். அந்த இடத்துக்கு என்ன பெயர்? ‘நிறுத்தம்’ என்றால் இசை முடிந்துவிட்டது போலிருக்கிறது. கூத்திலோ நட்டுவாங்கத்திலோ இதற்குப் புழங்கும் சொல் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.