லோடிங் ரேட்டுக்குத் தமிழ்ல என்ன? (உறைமண் பாடம், திங்கக்கிழமைக்குள்ள வேணும்)

தருமபுரி பாலிடெக்னிக் வாத்தியார்:
வணக்கம்ங்க, டிப்ளமோ சிவில் பசங்களுக்கு நோட்ஸ் எழுதிட்டிருக்கேன். உறைஞ்ச மண்ணு மேல மெதுவா பாரம் ஏத்துனா ஐஸ் ஊர்ந்து நகர நேரம் கெடைக்குது, மண்துகள் முட்டிக்கிற எடத்துல அழுத்தத்துக்கு ஐஸ் கொஞ்சம் உருகி தண்ணி பக்கத்துல ஒதுங்கிடுது, அதான் கம்மி பாரத்துக்கே மண்ணு நசுங்கிடுது. வேகமா ஏத்துனா அதுக்கெல்லாம் நேரமில்ல, வலிமை ஏறுது ஆனா படக்குன்னு ஒடையுது. "பளுவேற்ற வேகம்"னு போட்டிருக்கேன், சரியா?

கிருஷ்ணகிரி தமிழய்யா:
வேகம் வடசொல். தொல்காப்பியர் உரியியல்ல கதழ்வு, துனைவு ரெண்டுக்கும் விரைவுன்னுதான் பொருள் சொல்றார். பொறைன்னா பாரம், பொறுமையும் அதுதான், அகழ்வாரைத் தாங்குற நிலத்தை வள்ளுவர் பொறையுடைமைலதானே வெச்சார்? ஆகவே "பொறைத்துனைவு".

ஓசூர் இன்ஜினியர்:
அய்யா, போர்டுல துனைவுன்னு எழுதுனா யாரோட துணைவின்னு கேப்பானுங்க. வாத்தியார் சார், ரெண்டு விஷயத்த கலக்குறீங்க. நொடிக்கு எத்தன கிலோநியூட்டன் பாரம் ஏறுதுங்கிறது வேற, நொடிக்கு எவ்ளோ திரிபு (strain, அதாவது மண்ணு தன்னோட அளவுல எத்தன பங்கு நசுங்குதுன்னு) ஆகுதுங்கிறது வேற. லேப்ல பெரும்பாலும் மெஷின் நிலையா வெச்சிக்கறது ரெண்டாவதத்தான், அதுக்கு "திரிபு வீதம்".

யாழ்ப்பாணத்து நண்பர்:
எங்கட புத்தகத்தில திரிபுக்கு விகாரம் எண்டுதான் இருக்கு.

தமிழய்யா:
தோன்றல், திரிதல், கெடுதல் மூணும் சேர்ந்ததுதான் விகாரம்னு நன்னூல் சொல்லுது. மண்ணு நசுங்கறது திரிதல் மட்டும்தான், அதனால திரிபே சரி. ஆனா பால் திரிஞ்சதுக்கும் அதே சொல்லா?

வேறொருத்தர்:
அதிருக்கட்டும், தருமபுரி வெயிலுக்கு உறைமண் பாடம் எதுக்குங்க?

ஓசூர்:
மைனஸ்ல ஓடுற ஃப்ரீசர் ரூம் தரைக்கடியில இன்சுலேஷன் சரியில்லன்னா வருஷக்கணக்குல மண்ணு உறைஞ்சு தரையையே தூக்கிடும், எந்த ஊரானாலும். சுரங்கக்குழி தோண்ட ஈரமண்ண உறையவெக்கற முறைக்கு ஜெர்மனில 1883லயே பேட்டன்ட் இருக்கு. அந்த ஐஸ் சுவரு மாசக்கணக்குல பாரம் தாங்கணும், அவசரமா நசுக்கிப் பாத்து வந்த நம்பர நம்பி டிசைன் பண்ணா ஆபத்து. அதுக்குத்தான் சார் இந்த வார்த்தையே, குழப்பாதீங்க.

வாத்தியார்:
சரிங்க, "திரிபு வீதம்", "பளுவேற்ற வீதம்" ரெண்டும் தனித்தனியா போட்டுடறேன். நாலு பேர் ஓகே சொல்லிட்டாங்க, பிரிண்டுக்குப் போகணும்.

தமிழய்யா:
எனக்கு உடன்பாடில்ல. அடிக்குறிப்புலயாவது பொறைத்துனைவு போடுங்க.

ஓசூர்:
போடுங்க சார், கேள்வித்தாள்ல மட்டும் வேணாம்.