பேச்சு கேட்கிறது, மணி மட்டும் அடிக்கவில்லை: சுழல்வட்டுத் தொலைபேசிகளோடு உறுப்பினர்களின் அனுபவங்கள்

கறுப்புக்குழல் எழுதியது:

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 500 வகைத் தொலைபேசி ஒன்று அண்மையில் என் மேசைக்கு வந்தது. ரிசீவரை எடுத்தால் டயல் ஒலி தெளிவாகக் கேட்டது, எண்களைச் சுழற்றினால் அழைப்பும் போய்ச் சேர்ந்தது, ஆனால் வெளியிலிருந்து யார் அழைத்தாலும் மணி மட்டும் மௌனமாகவே இருந்தது. இத்தகைய கருவிகளில் மணி பழுதாகியிருப்பது அரிது என்பதும், பெரும்பாலும் அது வேறொரு லைனுக்காக யாரோ திட்டமிட்டு இணைத்துவிட்டுப் போனதாக இருக்கும் என்பதும் என் எண்ணம். ஆகவே மூடியைக் கழற்றியதும் மணியைத் தொடாமல், அதிலிருந்து வரும் நான்கு கம்பிகள் எங்கெங்கே போகின்றன என்பதைத்தான் முதலில் பார்த்தேன்.

இந்த வகையில் மணிச்சுருளிலிருந்து சிவப்பு, கறுப்பு, சாம்பல், சாம்பலில் சிவப்புக் கோடு போட்டது என நான்கு கம்பிகள் வருகின்றன. கருவிக்குள் உள்ள இணைப்புப் பெட்டியின் திருகு முனைகளுக்குத் தனித்தனிக் குறியீடு உண்டு: கே, ஏ, லைனின் இரு கம்பிகளுக்கான எல்1, எல்2, எர்த்துக்கான ஜி. சாம்பல் கம்பி கே முனையிலும், கோடு போட்டது ஏ முனையிலும் இருக்க வேண்டும். அந்த இரண்டு முனைகளுக்கும் இடையில்தான், அந்தப் பெட்டியின் உள்ளே, அழைப்பின் மாறுமின்சாரத்தை மட்டும் மணிக்கு விட்டு நேர்மின்சாரத்தைத் தடுக்கும் ஏறத்தாழ அரை மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருக்கிறது. சிவப்பு எல்2 முனைக்கும் கறுப்பு எல்1 முனைக்கும் போனால் சாதாரண வீட்டு லைனில் மணி அடிக்கும். என்னிடம் வந்த கருவியில் கறுப்புக் கம்பி ஜி முனையில் இறுக்கப்பட்டிருந்தது. ஒரே லைனைப் பல வீடுகள் பகிர்ந்துகொண்ட காலத்தில், ஒருவருக்கு வரும் அழைப்புக்கு அடுத்தவர் வீட்டு மணி அடிக்காமல் இருப்பதற்காக, லைனின் ஒரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையில் மணியை இணைப்பது வழக்கம். அந்த எர்த் கம்பி சுவரிலிருந்து வராத வீட்டில் மணிக்குச் சுற்று முழுமையடைவதில்லை. கறுப்பை எல்1-க்கு மாற்றியதும் முதல் அழைப்பிலேயே மணி அடித்தது.

அதே ஜி முனையில் உண்மையான எர்த் கம்பியும் இணைந்திருந்தால் வேறொரு தொல்லை வரும்: லைனின் இரு பக்கமும் சமனிழந்து, பேசும்போது பின்னணியில் ஓயாத ரீங்காரம் கேட்கும். ரீங்காரத்துக்காக ரிசீவரைப் பிரித்துப் பார்ப்பவர்கள் இந்த ஒரு திருகையும் பார்த்துவிடுவது நல்லது.

எண்வட்டு எழுதியது:

நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மணிக் கம்பியின் நுனியில் டேப் சுற்றி எதிலும் இணைக்காமல் மடித்து வைக்கப்பட்ட 500 வகைக் கருவியும் என்னிடம் வந்திருக்கிறது. கருவிகள் தொலைபேசி நிறுவனத்துக்கே சொந்தமாக இருந்து வாடகைக்கு விடப்பட்ட நாளில், அனுமதியின்றிக் கூடுதல் கருவி இணைத்தவர்கள் அதன் மணியைக் கழற்றி விடுவார்கள். லைனில் எத்தனை மணிகள் இருக்கின்றன என்பதை நிறுவனத்தால் அளந்து கண்டுபிடிக்க முடியும் என்பதே காரணம். கம்பியை விரித்து உரிய முனையில் வைத்தால் வேலை முடிந்தது. கம்பியைத் தேடுவதற்கும் முன்னால், கருவியைக் கவிழ்த்து அடியிலுள்ள ஒலியளவுச் சக்கரத்தைத் திருப்பிப் பார்க்கவும். அது கடைசி வரை குறைக்கப்பட்டிருந்தால் மணிநாக்கு கிண்ணத்தை ஏறக்குறைய எட்டுவதே இல்லை.

செம்புச்சுருள் எழுதியது:

என் அனுபவம் பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் 746 வகைக் கருவியோடு. இவை 1967 முதல் வந்தவை. முதலில் சுவரில் நேரடியாக இணைக்கப்பட்டன, பிற்பாடு 1980-களில் பிளக் வைத்த முறைக்கு மாற்றப்பட்டன. மாற்றியபோது மணி மூன்றாவது கம்பி ஒன்றுக்குப் போனது. அதற்கு வேண்டிய 1.8 மைக்ரோஃபாரட் மின்தேக்கி கருவிக்குள் அல்ல, வீட்டின் முதன்மை சாக்கெட்டில் வைக்கப்பட்டது. இப்படி மாற்றப்பட்ட கருவியை இரண்டு கம்பிகள் மட்டுமே வரும் லைனில் செருகினால் பேசலாம், டயல் செய்யலாம், மணி அடிக்காது. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது எதிர்பார்க்கும் மூன்றாவது கம்பியே அங்கு இல்லை. 250 வோல்ட் தாங்கக்கூடிய, முனைவேறுபாடு இல்லாத 1.8 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை லைனின் ஒரு கம்பிக்கும் மணிக் கம்பிக்கும் இடையில் வைத்ததும் சரியாயிற்று.

இதே கருவியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. மணியில் இரண்டு சுருள்கள் தொடர் இணைப்பில் இருக்கின்றன. பழைய மணிகளில் ஒவ்வொன்றும் 500 ஓம், ஆக மொத்தம் 1000 ஓம். பிந்தியவற்றில் மொத்தம் 4000 ஓம். மல்டிமீட்டரில் சரியான அளவு வந்தது, சுருள் எங்கும் அறுந்திருக்கவில்லை, அழைப்பு வரும்போது மணியின் முனைகளில் மின்னழுத்தமும் இருந்தது. ஆனால் விரலை மெல்ல வைத்துப் பார்த்தால் மணிநாக்கின் தண்டில் லேசான அதிர்வு மட்டுமே தெரிந்தது, அது எந்தப் பக்கமும் சாயவில்லை. முன்பு யாரோ சுருளைக் கழற்றி, ஒன்றின் இரு முனைகளையும் இடம் மாற்றி ஈயம் வைத்திருக்கிறார்கள். நிலைக்காந்தம் உள்ள இந்த மணியில், மின்னோட்டம் ஒரு பக்கம் போகும்போது ஒரு முனையின் இழுவை கூட வேண்டும், மற்றதன் இழுவை குறைய வேண்டும். அப்போதுதான் நாக்கு இங்குமங்கும் ஆடும். ஒரு சுருள் தலைகீழானால் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் கூடுகின்றன, ஒரே நேரத்தில் குறைகின்றன. சமபலமுள்ள இருவர் கயிறு இழுப்பதைப் போல நாக்கு நடுவிலேயே நின்றுவிடுகிறது. ஓம் அளவு இதைக் காட்டிக்கொடுக்காது என்பதால், அளவு சரி, மணி இல்லை என்று சொல்கிறவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஈயப்பற்று புதிதாகத் தெரிகிறதா என்பதைத்தான்.

1000 ஓம் மணியை மற்றக் கருவிகளோடு இணையாக வைப்பவர்கள் அதோடு 3.3 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது தன் பங்குக்கு மேல் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு மற்ற மணிகளைப் பலவீனமாக்கும்.

தூசிதட்டி எழுதியது:

என் சிக்கல் இதற்கு நேர்மாறானது. மணி ஒழுங்காக அடிக்கிறது. ஆனால் அதே லைனில் உள்ள இன்னொரு கருவியில் எண்களைச் சுழற்றும்போதெல்லாம் இதுவும் ‘டிங் டிங்’ என்று கூடவே முனகுகிறது. இதற்கு ஏதாவது செய்ய முடியுமா, ஐயா?

கறுப்புக்குழல் எழுதியது:

முடியும். வட்டு திரும்பி வரும்போது லைன் நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை அறுந்து சேர்கிறது. ஒவ்வொரு முறையும் மின்தேக்கி வழியாக மணிக்கு ஒரு சிறு உதைப்பு போகிறது. அந்த உதைப்புக்கு அசையாமலிருக்க நாக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கும் மெல்லிய வில்கம்பி ஒன்று மணியில் இருக்கிறது. லைனின் இரு கம்பிகளும் இடம் மாறியிருந்தால் உதைப்பு அந்த வில்லுக்கு எதிர்த்திசையில் விழுந்து முனகலை உண்டாக்கும். ஆகையால் எல்1, எல்2 முனைகளில் உள்ள மணிக் கம்பிகள் இரண்டை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் வில்கம்பியை அடுத்த பள்ளத்துக்குத் தள்ளி இறுக்கலாம். நான் அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன், ஏனென்றால் வில் இறுகினால் பலவீனமான அழைப்பு மின்சாரத்தில் மணி அடிக்கவே மறுக்கும்.

அந்தப் பலவீனம் இப்போது பல இடங்களில் காணப்படுகிறது. பழைய தொலைபேசி நிலையம் 48 வோல்ட் நேர்மின்சாரத்தின் மேல் ஏறத்தாழ 90 வோல்ட், 20 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரத்தை ஏற்றி அனுப்பியது. இணைய இணைப்போடு வரும் சிறு பெட்டிகள் பலவற்றில் அழைப்பின்போது அதைவிடக் குறைந்த வோல்ட்டே கிடைக்கிறது. ஒரு லைன் எத்தனை மணிகளை அடிக்க வைக்கும் என்பதைக் கணக்கிடும் அலகு மணிச்சுமை (REN). ஒரு 500 வகை மணி ஏறத்தாழ ஒரு முழு மணிச்சுமைக்குச் சமம். பெட்டி எத்தனை சுமை தாங்கும் என்பது அதன் குறிப்பேட்டில் இருக்கும்.

பழுப்புப்பெட்டி எழுதியது:

வோல்ட் சரியாக இருந்தும் அடிக்காத மணி ஒன்றை நான் கண்டேன். பல வீடுகள் பகிர்ந்துகொண்ட கூட்டு லைன்களுக்காக, குறிப்பிட்ட ஒரு ஹெர்ட்ஸுக்கு மட்டுமே அசையும்படி நாக்கின் எடையும் வில்லும் பொருத்தப்பட்ட மணி அது. 30, 40, 50 ஹெர்ட்ஸ் என்று இவை தனித்தனியாக வந்தன. மணியின் மேலேயே எண் பொறிக்கப்பட்டிருக்கும். 20 ஹெர்ட்ஸில் அதைக் கம்பி மாற்றி அடிக்க வைக்க முடியாது. சாதாரண மணியை எடுத்துப் பொருத்துவதே வழி.

செம்புச்சுருள் எழுதியது:

மணி முதல்முறை பாதி அடிப்பதற்குள் அழைப்பு நின்றுபோய், அழைத்தவருக்கு யாரோ எடுத்தது போலத் தோன்றினால் மின்தேக்கியைச் சந்தேகிக்கவும். அது கசிந்தால் ரிசீவர் எடுக்கப்பட்டதாக லைனின் மறுமுனை எண்ணிக்கொள்ளும். லைனிலிருந்து கருவியைக் கழற்றி, ரிசீவரைத் தாங்கியில் வைத்து, முள் வைத்த பழைய ஓம் மீட்டரை லைன் முனைகளில் வைத்தால், நல்ல மின்தேக்கியில் முள் ஒருமுறை துள்ளி மீண்டும் முடிவிலிக்கே திரும்பும். துள்ளவே இல்லையென்றால் சுருளோ மின்தேக்கியோ எங்கோ அறுந்திருக்கிறது. துள்ளியபின் பாதியில் நின்றால் கசிவு. இந்தச் சோதனையின்போது லைனைக் கழற்றாமல் முனைகளைத் தொட வேண்டாம். அந்த நேரத்தில் அழைப்பு வந்தால் 90 வோல்ட் கையில் நன்றாகவே உறைக்கும்.