15,000 ரூபாய்க்கு 11.6 இஞ்ச் குட்டி லேப்டாப்: வாங்கலாமா?

வழிப்போக்கன்:
பஸ்ஸிலும் லைப்ரரியிலும் உட்கார்ந்து தமிழ் டைப் பண்ணணும். பிரவுசரில் நாலஞ்சு டேப், எப்போதாவது யூடியூப். பார்த்து வைத்திருப்பது செலரான் என்4020 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ், விண்டோஸ் 11 எஸ் மோட். காசுக்குத் தேறுமா?

ஈயப்பற்று:
விண்டோஸோடு ஓட்டுவதாக இருந்தால் வேண்டாம். ப்ராசஸரைக்கூட மன்னிக்கலாம். உயிரை வாங்குவது 4 ஜிபி ரேமும், எஸ்எஸ்டியைவிட மெதுவான இஎம்எம்சி ஸ்டோரேஜும் சேர்ந்த கூட்டு. விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே இரண்டரை ஜிபிக்குக் குறையாமல் தின்றுவிடும். நாலு டேப் திறந்தால் ரேம் நிரம்பி, மிச்சம் பேஜ் ஃபைலுக்கு, அதாவது ரேம் பத்தாதபோது ஸ்டோரேஜில் எடுத்துக்கொள்ளும் இடத்துக்குப் போகும். அந்த ஃபைல் கிடப்பது இஎம்எம்சியில். காகிதத்திலேயே நொடிக்கு 400 எம்பிதான் அதன் உச்சம். துண்டு துண்டாக எழுதும்போது இன்னும் படுத்துவிடும். "க" அடித்தால் கர்சர் யோசித்துவிட்டு வருவது இதனால்தான்.

64 ஜிபி என்பது விண்டோஸில் 58 சொச்சமாகத் தெரியும். வருடாந்திர பெரிய அப்டேட் வந்தால் இடம் பத்தாமல் எக்ஸ்டர்னல் டிரைவ் செருகச் சொல்லும். ரேமைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். ஸ்பெக்கில் எல்பிடிடிஆர்4 என்றிருந்தால் ரேம் போர்டிலேயே சால்டர் செய்தது, கழற்றி மாட்ட முடியாது.

பெங்குயின்தாசன்:
டைப்பிங் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ (லேசான இலவச ஓஎஸ்) போட்டு ஓட்டலாமே. 8 ஜிபி பென் டிரைவில் பூட் பண்ணி, இன்ஸ்டால் செய்யும் முன்பே வைஃபை, டச்பேட், ஸ்பீக்கர் மூன்றும் வேலை செய்கிறதா பாருங்கள். இந்த ரக மெஷின்களில் அதிகம் மக்கர் பண்ணுவது ஸ்பீக்கர்தான். ஐபஸ்-எம்17என் பேக்கேஜ் போட்டால் தமிழ்99 கீபோர்டு வந்துவிடும்.

யூடியூப் திணறினால், வீடியோவை எச்.264 வடிவில் வரவைக்கும் எச்264இஃபை என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போடுங்கள். என்4020-க்கு ஏவி1 என்ற புது வீடியோ வடிவத்துக்கான ஹார்டுவேர் டிகோடிங் கிடையாது, அது வந்தால் பாரம் முழுக்க சிபியு தலையில் விழும்.

விண்டோஸே வேண்டுமென்றால் முதலில் எஸ் மோடைக் கழற்றுங்கள். ஸ்டோர் ஆப் தவிர எதையும் விடாது. கழற்ற காசில்லை, ஆனால் திரும்ப அந்த மோடுக்குப் போக முடியாது.

ஈயப்பற்று:
லினக்ஸ் சரி, ஆனால் அந்த 1366x768 டிஎன் (மலிவு ரக) ஸ்கிரீனுக்கு மருந்தில்லையே! கொஞ்சம் சாய்த்தால் எழுத்து வெளுத்துவிடும்.

இதே பட்ஜெட்டில் ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து விற்கும்) டெல் லேட்டிட்யூட் 7290 தேடுங்கள். 12.5 இஞ்ச், 8-வது ஜென் (தலைமுறை) இன்டெல் ஐ5 ப்ராசஸர், ரேம் ஸ்லாட் ஒன்று, கழற்றி மாட்டும் எம்.2 எஸ்எஸ்டி. கடையிலேயே ஆன் பண்ணும்போது எஃப்2 அழுத்தி பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்குக்குள் போய், அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியை டிசைன் கெபாசிட்டியோடு ஒப்பிடுங்கள். 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். கடைசியாக விண்டோஸை ரீசெட் பண்ணி நெட்டில் இணையுங்கள். ஏதோ கம்பெனி பெயரில் லாகின் கேட்டால் அது இன்னும் அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது, தொடாதீர்கள்.

வழிப்போக்கன்:
7-வது ஜென் ஐ5 ஒன்று 2,000 ரூபாய் குறைவாக இருக்கிறதே?

பெங்குயின்தாசன்:
விண்டோஸ் 11-க்கு இன்டெலில் 8-வது ஜென்னிலிருந்துதான் கணக்கு. 7-வதில் ஓரிரு மாடல் மட்டும் விதிவிலக்கு. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. லினக்ஸ்தான் என்று முடிவானால் எடுங்கள், 2,000 ரூபாய் மிச்சம்.