பரிசோதனைக்கு வர மறுத்தவர்களை எப்படி வரவைத்தீர்கள்? உங்கள் அனுபவம்

சுகாதாரத் தன்னார்வலர், சிவகங்கை பக்கம்

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் வீடு தேடிப் போய் பிரஷர், சுகர் பார்க்கிற மக்களைத் தேடி மருத்துவத்தைத் தொடங்கினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு எங்கள் மகளிர் குழுவிலிருந்து இந்த வேலைக்கு வந்தவள் நான். ஏற்கெனவே பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் தொல்லையே இல்லை. என் தலையைக் கண்டதும் திண்ணையில் இடம் ஒதுக்கிவிடுவார்கள். மல்லுக்கட்ட வேண்டியிருப்பது மற்றவர்களிடம்தான்.

"நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு?" என்பவர்களைக்கூடப் பேசிச் சரிக்கட்டிவிடலாம். "இருந்தாலும் தெரிய வேண்டாம்" என்கிறவர்களை என்ன செய்வது? அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகரில் கால் எடுத்த வீடுகளில்தான் இப்படிப்பட்டவர்கள் அதிகம். யாருக்கு முதலில் பார்க்க வேண்டுமோ, அவர் என் பையைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகக் கொல்லைக்குப் போய்விடுகிறார்.

உங்கள் வீட்டிலோ ஊரிலோ யாரையாவது வரவைத்திருந்தால் எழுதுங்கள். "விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். அது எங்கள் நோட்டீஸிலேயே இருக்கிறது.

ஒரு மகள், மதுரை

அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஐம்பது தாண்டியாச்சு, பீடி உண்டு. நான் அனுப்பிய வீடியோக்களுக்கெல்லாம் நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில் அப்பத்தா பெயரைச் சொல்லித்தான் காரியம் நடந்தது. "அப்பத்தாவுக்கு மாத்திரை வாங்கணும், கூட்டிட்டுப் போக ஆளில்லை, நீங்களே போயிட்டு வாங்கப்பா" என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்த நர்ஸ் அக்காவிடம் முதல்நாளே சொல்லிவைத்திருந்தேன்.

அப்பத்தா கையிலிருந்து பட்டையைக் கழற்றிய கையோடு, "அண்ணே, நீங்களும் நீட்டுங்க" என்றாராம். பிரஷரின் மேல் அளவு 170-ஐத் தாண்டியது. "மிஷின் சரியில்லம்மா" என்றார் அப்பா. அந்த அக்கா எதிர்வாதமே செய்யவில்லை. கால்மேல் கால் போடாமல், பேசாமல், ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். அதே கதை. "அந்தக் கையில பாருங்க" என்று அப்பாவே சட்டைக் கையை மடித்துவிட்டார். அதிலும் அப்படித்தான்.

பக்கவாதம், மாரடைப்பு என்று அந்த அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ராத்திரி லோடு போவீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டாராம். ஸ்டியரிங் பிடிக்கிற மனுஷனுக்கு அது போதும். இன்னொரு நாளும் வரச்சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை எழுதினார்கள். பீடியை இன்னும் விடவில்லை. அது தனிப் போராட்டம்.

தாம்பரம் குடியிருப்பு ஆள்

படித்தவர்கள் இன்னும் மோசம் என்பது என் கட்சி. எங்கள் அடுக்ககத்தில் முகாம் போட்டால் வருவது மாதாமாதம் லேப்புக்குப் போகிற அதே பெரியவர்கள்தான். 40 வயது ஐ.டி. ஆட்கள் எட்டிப் பார்ப்பதில்லை.

ஊசியை விட்டுவிட்டு இன்ச் டேப்பை எடுத்தோம். சென்னை டாக்டர்கள் உருவாக்கிய ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறது, இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் என்பார்கள். கேள்வி நாலே நாலுதான்: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சுகர் உண்டா. மொத்தம் 100-க்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம், ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். 50 வயதானாலே 30 மதிப்பெண். அப்பா, அம்மா இருவருக்கும் சுகர் என்றால் 20. ஆணுக்கு இடுப்பு 100 செ.மீ. தொட்டால் இன்னொரு 20.

லிஃப்ட் பக்கத்தில் மேசை போட்டோம். ரத்தம் இல்லை, சட்டை கழற்ற வேண்டாம் என்றதும் ஆண்கள் நின்றார்கள். "பேன்ட் சைஸ் 34, அதைப் போட்டுக்குங்க" என்று சிலர் ஏமாற்றப் பார்த்தார்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழேதானே நிற்கிறது, டேப்பைத் தொப்புள் பக்கம் கொண்டுபோனால் 102 காட்டும். நண்பர்கள் சிரிப்பார்கள். மதிப்பெண் 70 வந்தவர் "சரி, குத்தித்தான் பாருங்க" என்று அவராகவே விரலை நீட்டினார். ஆனால் ஒன்று, இடுப்பு அளவை வைத்துக் கேலி செய்யலாம், ரத்த அளவை வைத்துக் கூடாது.

பெயர் வேண்டாம்

மேலே எழுதியவரின் கடைசி வரிக்காக எழுதுகிறேன். சில வருஷம் முன்பு ஒரு முகாமில் வரிசையில் நின்றேன். குளுக்கோமீட்டரைப் பார்த்த பையன், நோட்டில் எழுதுகிற பெண்ணிடம், "இவருக்கு 290!" என்று பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். பின்னால் நின்றவர் என் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர். அதற்கப்புறம் மூன்று வருஷம் எந்த ஆஸ்பத்திரிப் பக்கமும் நான் போகவில்லை. ஆட்கள் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்களே, வந்தவனை எப்படி நடத்தினீர்கள் என்றும் கேளுங்கள்.

பணி ஓய்வு பெற்ற செவிலியர், திண்டுக்கல்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிச் சொல்கிறேன், தயக்கம் அதிகம் உள்ள இடம் அதுதான். எங்கள் மாவட்டத்தில் 2000-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, அசிட்டிக் அமிலம் (நம் வினிகர்தான்) தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்க்கிற எளிய முறை. லேபுக்கு அனுப்ப வேண்டாம், முடிவு அங்கேயே தெரிந்துவிடும். 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன. பரிசோதனைக்கு அழைத்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைவு. நான் அடிக்கடி நினைப்பது வேறொரு கணக்கை: அழைத்த 49,311 பேரில் வந்தவர்கள் 31,343 பேர். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்கள் வராமலே இருந்துவிட்டார்கள்.

என் அனுபவத்தில் நாங்கள் பேசிய பேச்சுக்கு வந்தவர்களைவிட, பார்த்துவிட்டுத் திரும்பியவர் பேசிய பேச்சுக்கு வந்தவர்கள் அதிகம். அதனால் ஊருக்குள் முதலில் யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் குறியாக இருப்பேன். பஞ்சாயத்துத் தலைவர் மனைவி சரிப்பட மாட்டார், அவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததையே வெளியே சொல்ல மாட்டார். நூறு நாள் வேலையில் எல்லோரையும் சிரிக்கவைக்கிற ஒரு அக்கா எல்லா ஊரிலும் இருப்பார். அவர் போய்விட்டு வந்து, "வலியெல்லாம் இல்லடி, பிரசவத்துல படாத வெக்கமா?" என்று வேப்பமரத்தடியில் சொன்னால், அடுத்த வாரம் ஐந்தாறு பேர் சேர்ந்து ஷேர் ஆட்டோவில் வருவார்கள்.

தனியாக வரச்சொன்னால் மாமியார் கேள்வி கேட்பார். கும்பலாக வந்தால் யாரும் கேட்பதில்லை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்க வேண்டும், திரை மட்டும் போதாது. மாதவிலக்கு நாள் என்றால் மறுதேதி கொடுத்து அனுப்ப வேண்டும், "அப்புறம் வா" என்றால் வர மாட்டார்.

சுகாதாரத் தன்னார்வலர், சிவகங்கை பக்கம்

பெயர் சொல்லாத அண்ணனுக்கு: அளவைச் சீட்டில் எழுதி, மடித்து, அவரவர் கையில் கொடுப்பதுதான் சரி. திண்ணையில் சத்தமாகப் படிக்காமல் இருக்க எனக்கும் பழக வேண்டியிருந்தது, ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரர்களே "எவ்வளவு, எவ்வளவு?" என்று கேட்பார்கள். இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?

பெயர் வேண்டாம்

மாத்திரையில் இருக்கிறேன். மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். கல்யாணம் அந்த வீட்டிலேயே முடிந்தது, சம்பந்திக்கும் சுகராம்.

பனியன் கம்பெனி மேற்பார்வையாளர், திருப்பூர்

தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று 2024 ஜனவரியிலிருந்து வேலை செய்கிற இடத்துக்கே வந்து பார்க்கிறார்கள். எங்கள் யூனிட்டில் முதலில் பயந்தது ஊசிக்கு இல்லை. "பிரஷர் இருக்குன்னு தெரிஞ்சா வேலையை விட்டு நிறுத்துவாங்களா?" என்பதுதான் தையல் பிரிவில் எல்லோரும் கேட்டது. அந்தப் பட்டியல் ஆபீசுக்கு வராது என்று மேனேஜரையே டீ இடைவேளையில் சொல்லவைத்தேன். அவரே முதலில் உட்கார்ந்து கையை நீட்டினார். அதன்பிறகு வரிசை நின்றது.

மாதச் சம்பள ஆட்கள் வந்துவிட்டார்கள். பீஸ் ரேட் ஆட்கள், அதாவது தைக்கிற எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்கள், வரவில்லை. மிஷினை விட்டு எழுந்து அரை மணி நேரம் நின்றால் அவர்களுக்கு அன்றைய கூலியில் குறையும். அந்த நேரத்துக்குக் காசு கொடுக்கக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. ஷிப்ட் முடிந்து பார்க்கலாம் என்றால் பெண்களுக்குக் கம்பெனி வண்டி கிளம்பிவிடும். உங்கள் ஊர்க் கம்பெனிகளில் இதற்கு வழி கண்டிருந்தால் எழுதுங்கள், அடுத்த மாதம் மறுபடி வருகிறார்கள்.