புதுப்பிப்பு: மகனுக்குத் திடீரென இரு கால்களும் தளர்ந்தது, ஜிபிஎஸ் என்ற நரம்பு நோய்தான்

வயிற்றுப்போக்கு நின்றபின் மகனுக்குக் கால்கள் தளர்ந்தது பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. நரம்புக் கடத்தல் சோதனையில் கியான்-பாரே (ஜிபிஎஸ்) உறுதியானது; உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே நரம்புகளைத் தாக்கும் நோய் இது.

கைகொடுத்தது, "ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள்" என்ற யோசனை. விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 98% காட்டும்போதே எண்ணிக்கை 30-லிருந்து 15-க்கு இறங்கியது. உடனே ஐசியூவுக்கு மாற்றினார்கள். மூச்சுத்தசை தளர்வதை அந்தக் கருவி கடைசியில்தான் காட்டும். அதை நம்பி வீட்டில் காத்திருக்காதீர்கள்.

சிகிச்சை ஐவிஐஜி (ரத்தக்குழாய் வழியே சொட்டாக ஏற்றும் எதிர்ப்புப் புரத மருந்து), கிலோவுக்குத் தினம் 0.4 கிராம், 5 நாள். 50 கிலோ எடைக்குத் தினம் 20 கிராம். வேகமாக ஏறினால் தலைவலி, குளிர் வரும். சொட்டு வேகத்தைக் குறைத்ததும் அடங்கியது. ஸ்டீராய்டு இதற்குப் பலன் தராது.

எதிர்பாராதது, இரவில் முதுகிலும் தொடையிலும் கடும் வலி. காபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்துக்குக் கேட்டது. ரத்த அழுத்தமும் ஏறி இறங்கியதால் மெல்லத்தான் உட்காரவைத்தோம். இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறான்; பாதம் தொங்காமலிருக்க ஸ்பிளிண்ட் (பாதத்தைத் தாங்கும் பட்டை) தொடர்கிறது.